பிள்ளை பிடிக்கிற டீச்சர்

எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது. வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றுகொள்வார். சேலை, அதற்குமேல் வெயிலுக்காக ஒரு ஆம்பிளைச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். “என்ன டீச்சர், களையெடுக்கப் போறீங்களா?” என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வோம். கண்டுகொள்ள மாட்டார். உள்ளே வருகிற பெண் பிள்ளைகளில் ஒருத்தியின் முகத்தையும் பார்க்க மாட்டார். நடையை மட்டும் பார்ப்பார். பிடித்துவிட்டால் புத்தகப் பையோடு அப்படியே நிறுத்திவிடுவார்.

“ஏத்தா, இங்கிட்டு வா. எந்த ஊரு ஒனக்கு?”

“கொத்தமங்கலம் டீச்சர்.”

“பன்னெண்டு முடிச்சிட்டு என்ன படிக்கப் போறே?”

பிள்ளை முழிக்கும். முழிக்காமல் என்ன செய்யும்? அது ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

“பி.டி. டீச்சருக்குப் படி. ஒனக்குன்னே செஞ்ச காலு இது. நாளையிலேருந்து சீக்கிரம் வா. சாப்புட்டுட்டு வரணும், வெறும் வயித்துல வந்தீன்னா திருப்பி அனுப்பிருவேன்.”

கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை வீட்டு வாசலில் போய் நின்று இதே பாட்டைப் பாடினாரோ தெரியாது. பெற்றவர்கள் அவரைக் கண்டால் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டதுபோல ஒளிந்த காலமும் உண்டு.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சை நெருங்கினால் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை நான் எடுத்துக்கொள்வேன். கேட்டுக்கொண்டு எடுப்பதெல்லாம் கிடையாது. தமிழ்நாட்டில் எந்தக் கணக்கு டீச்சரும் பி.டி. பீரியடைக் கேட்டுக்கொண்டு எடுத்ததாக நான் அறிந்ததில்லை. மற்ற பள்ளிகளில் பி.டி. ஆசிரியர்கள் அதற்குப் பழகி, எங்காவது டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

“டீச்சர், கடைசி பெஞ்சுல உள்ளதுகளை மட்டுமாச்சும் விடுங்க. நீங்க நடத்துறது அதுகளுக்கு வெளங்கப் போறதில்ல. இங்கிட்டு ஒக்காந்து ஒங்க கணக்கையும் கெடுக்கும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவர் சொல்வது உண்மை என்பதால் விட்டுவிடுவேன். விட்ட பிள்ளைகள் கிரவுண்டில் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மீதிப் பிள்ளைகளுக்குத் தேற்றம் நடத்துவேன்.

இவ்வளவும் செய்தவர் நிரந்தர ஆசிரியர் அல்ல. பகுதிநேரம். வாரத்தில் மூன்று அரை நாள் வந்தால் போதும் என்பது உத்தரவு. இவர் எல்லா நாளும் வந்தார், முழு நாளும் நின்றார். மே மாதம் பள்ளி கிடையாது, அதனால் பகுதிநேர ஆட்களுக்கு அந்த மாதம் சம்பளமும் கிடையாது. அப்போதும் காலையில் கிரவுண்டில் அவருடைய விசில் கேட்கும். பழைய பி.டி. சார் ரிட்டயரான பிறகு எங்கள் பள்ளியில் நிரந்தர இடம் ஒன்று காலியாகவே கிடந்தது. என்றைக்காவது தங்களையெல்லாம் நிரந்தரம் ஆக்குவார்கள், அன்றைக்கு அந்த இடம் தனக்கு வரும் என்று அவர் நம்பினார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அது ஒன்றுதான். புது ஷூ வாங்குவதுகூட “பெர்மனென்ட் ஆனப்புறம்” என்றுதான் தள்ளிப்போகும்.

வருடாவருடம் மேலிடத்திலிருந்து காலியிடக் கணக்குக் கேட்பார்கள். ஹெச்.எம். அந்த இடத்தைக் காட்டாமல் விட்டுவிடலாமா என்று யோசிப்பார். வேலைதான் நடக்கிறதே, வேறு யாராவது வந்து சேர்ந்து தொந்தரவு கொடுப்பானேன் என்பது அவர் எண்ணம். இவர் விட மாட்டார். மேஜை முன்னால் போய் நின்றுகொள்வார்.

“சார், அந்த எடத்தக் காலின்னு மறக்காமப் போட்டிருங்க. ஒரு வருசம் விட்டுப்போனா, இந்த ஸ்கூலுக்குத் தேவையில்லைன்னு தூக்கிட்டுப் போயிருவாங்க. பொறகு யாரு கேட்டாலும் வராது.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்படித் தூக்கிக்கொண்டு போன இடங்கள் உண்டு. ஹெச்.எம்.மும் எழுதி அனுப்புவார்.

பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் பகுதிநேர ஆசிரியர்கள் போராட்டம் நடத்தியபோது இவரும் பஸ் ஏறிப் போனார். எல்லோரையும் வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவிட்டார்கள். டி.வி.யில் பார்த்துவிட்டு நாங்கள் பதறிப்போனோம். திரும்பி வந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், முகமெல்லாம் சிரிப்பாக வேறு கதை சொன்னார்.

“எங்களைப் புடிச்ச போலீஸ்காரப் புள்ள ஒண்ணு டீச்சர். சின்னப் புள்ளதான். என்னா காலுங்கிறீங்க! ஓடி வந்து என் கையைப் புடிச்சப்பவே பாத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல ஒக்கார வச்சுப் பேசினேன். தபால்லயாச்சும் ஒரு டிகிரி முடிச்சிட்டு பி.பி.எட். சேரு, பி.டி. டீச்சர் ஆயிரலாம்னு சொல்லியிருக்கேன்.”

“அது ஏற்கெனவே நிரந்தர வேலையில இருக்கு டீச்சர். நீங்கதான் தெருவுல நிக்கிறீங்க” என்றேன்.

“அதுனால என்ன?” என்றார். உண்மையிலேயே அவருக்கு அது விளங்கவில்லை.

என் மகள் கயல்விழியும் அதே பள்ளியில்தான் படித்தாள். தான் சம்பளம் வாங்குகிற அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வெட்கப்படுகிறவள் இல்லை நான். கயல் பிளஸ் ஒன் வந்த மழைக்காலத்தில், பள்ளி வாசலில் சாலைக்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. எல்லாப் பிள்ளைகளும் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி இந்தப் பக்கம் வந்தாள். அவர் கேட்டில் நின்றிருந்தார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் என்னிடம் வந்து, “டீச்சர், ஒங்க மக காலு கணக்குக்குப் பொறந்த காலு இல்ல” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பிடிக்கும்போது வேடிக்கையாக இருந்தது, என் வீட்டுக்குள் கை நீண்டதும் வேடிக்கையாக இல்லை. அவளை பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைப்பதாக நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம். ஆனால் கயல் பந்து தூக்கவும் கோடு போடச் சுண்ணாம்பு கரைக்கவும் அவர் பின்னாலேயே திரிய ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வருடம்தான் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தியின் விஷயம் நடந்தது. அமைதியான பிள்ளை. என் வகுப்பில் முதல் பெஞ்சு. டிரில்லில் எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கும்போது அந்தப் பிள்ளையின் வலது கை தோள் வரைக்கும்தான் வந்தது. பி.டி. டீச்சர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் பார்த்தார். பிறகு கயலைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குள் அந்தப் பிள்ளையை அழைத்துப்போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்திருக்கிறார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பெல்ட் தடிப்பு. சில தடிப்புகள் பழையவை. அம்மாவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவன் குடித்துவிட்டு அடிப்பானாம்.

ஹெச்.எம்., “வீட்டு விவகாரம், நமக்கு எதுக்கும்மா?” என்றார். இவரே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். அது போதாதென்று சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டும் வந்தார். அவனைப் பிடித்துப் போனார்கள். சில நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு அந்தத் தாய் பிள்ளையைத் திருப்பூரில் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே அது படிக்கிறதா, பனியன் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறதா, எங்களுக்குத் தெரியாது. அடி நின்றது என்பது மட்டும் நிச்சயம். எங்கள் பள்ளிக்கு வருவதும் நின்றது.

அந்தச் செய்தி வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். “கணக்கு நோட்டுல அது தெரியாது டீச்சர்” என்றார் என்னைப் பார்த்து. “பரீட்சைப் பேப்பர்லயும் தெரியாது. கையத் தூக்குன்னு சொன்னாத்தான் தெரியும். அதைப் பாக்குறதுக்கு ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு பொம்பளை ஆளு வேணும். அதுக்குத்தான் வாரதுகளையெல்லாம் புடிச்சு நிறுத்துறேன். நீங்க எல்லாம் சிரிக்கிறீங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் கயல், “நான் பி.டி. டீச்சருக்குத்தான் படிப்பேன்” என்று சொல்லிவிட்டாள். அந்தத் தடிப்புகளை அவளும் பார்த்திருக்கிறாள் என்பதால் என்னால் சட்டென்று அதட்ட முடியவில்லை. அவள் அப்பாதான் குதித்தார். அவருக்குக் கடைத்தெருவில் உரக்கடை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பி.டி. டீச்சர் கூப்பிடாமலேயே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

“வெயில்லயே நின்னு கறுத்துப்போனா நாளைக்கு எவன் வந்து கட்டுவான், சொல்லுங்க?” என்றார் என் வீட்டுக்காரர்.

“என்னையப் பாருங்க சார், அடுப்புக்கரி. என்னைய ஒருத்தர் கட்டலையா? பூ மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுறாரு. கறுப்புல தூசி தெரியாது, நல்லதுதாங்கிறாரு.”

என் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. “ஒங்க நெலமையப் பாருங்க டீச்சர்” என்று நேராகவே கேட்டேன். “இத்தனை வருசமா நிக்கிறீங்க. ஒங்களுக்கே ஒரு வேலை நெலைக்கல. எந்த தைரியத்துல என் புள்ளையையும் அங்கிட்டு இழுக்குறீங்க?”

காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எனக்குக் கெடைக்கலைங்கிறதுக்காக அது கெட்ட வேலை ஆயிருமா டீச்சர்?”

பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். கயல் அதற்குள் தன் அப்பாவையும் கரைத்துவிட்டாள். விளையாட்டுக்கு மூன்று வருடம் டிகிரி, பிறகு பி.பி.எட். இரண்டு வருடம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் முட்டியில் ஒரு சிராய்ப்பு இருக்கும். ஆனால் நிமிர்ந்து நடந்தாள். பஸ்ஸில் எவனாவது இடித்தால் திரும்பிப் பார்க்கிற பார்வையில் அவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவான். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

படித்து முடித்து அவள் வீட்டில் இருந்தபோது நிரந்தர இடங்களுக்குத் தேர்வு அறிவித்தார்கள். கயலும் விண்ணப்பித்தாள், அவரும் விண்ணப்பித்தார். பகுதிநேர ஆட்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, வேண்டுமானால் எல்லோரோடும் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருவரும் சேர்ந்து படித்தார்கள். நான் இருவருக்கும் கணக்கும் உளவியலும் சொல்லிக்கொடுத்தேன். கயலுக்குப் புத்தக வாடை விட்டுப்போகவில்லை, அதனால் பிடித்துக்கொண்டாள். அவருக்கு ஒரு பக்கம் படித்தால் கண் சொருகும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவார். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சோறு வடித்துவிட்டு வருகிறவர் வேறு எப்படிப் படிப்பார்?

கயல் தேறினாள். அவர் தேறவில்லை. ரிசல்ட் வந்த அன்று கை நிறைய மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது அவர்தான். கயல் தலையில் அவரே வைத்துவிட்டார்.

புதுக்கோட்டையில் கவுன்சலிங். கயல் கூப்பிட்டாள் என்று அவரும் எங்களோடு வந்தார். ரேங்க் வரிசைப்படி உள்ளே கூப்பிடுவார்கள். காலியான இடங்களை வெளியே ஒரு திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எடுக்க எடுக்க ஒவ்வொரு இடமாகத் திரையிலிருந்து மறையும். கயல் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தாள். நம் மாவட்டத்து இடங்கள் எல்லாம் மளமளவென்று போயின. கயலின் முறை வருவதற்கு முன்னால் மிச்சமிருந்தவை எல்லாம் ஜவ்வாது மலைப் பக்கமும் கிருஷ்ணகிரிப் பக்கமும்தான். நம் மாவட்டத்தில் ஒரே ஒரு இடம் இருந்தது. எங்கள் பள்ளி.

பகுதிநேர ஆளைக் கணக்கில் ஆளாகவே எடுக்க மாட்டார்கள் என்பது எனக்கு அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிரேயருக்கு விசில் ஊத ஒருவர் தினமும் நின்ற இடம் அங்கே காலி என்று எரிந்துகொண்டிருந்தது. அது அழிந்துபோய்விடாமல் வருடாவருடம் மேஜை முன்னால் நின்று காப்பாற்றி வைத்தவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் மலைக்கே போறேன்” என்றாள் கயல்.

“போயி?” என்றார் அவர். “நீ எடுக்கலைன்னா ஒனக்குப் பின்னாடி நிக்கிறவன் எடுக்கப் போறான். அவன் கிரவுண்டுல கார் ஓட்டிப் பழகுவான். பொம்பளைப் புள்ளை கையத் தூக்கலைன்னா அவனுக்கு என்ன தெரியும்? நம்ம ஸ்கூல எடு.”

“நீங்க டீச்சர்?”

“நான் அரை நாள் ஆளு. பெர்மனென்ட் ஆளு யாரு வந்தாலும் என்னைய எங்கிட்டாச்சும் தூக்கிப் போடுவாங்க. மண்டு மாதிரி நிக்காத, பேரைக் கூப்புடுறாங்க பாரு, போ.”

கயல் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவேன். கல்யாணமாகாத ஒரே பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனது வராது. கதவு சாத்திக்கொண்டது. திரையில் எங்கள் பள்ளியின் பெயர் மறைந்தபோது அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கயல் பணியில் சேர்ந்த வாரமே அவருக்கு உத்தரவு வந்துவிட்டது. திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கேயும் அதே அரை நாள்தான். கீரமங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். போக வரவே பொழுது போய்விடும். கடைசி நாளில் எந்தப் பந்தில் காற்று நிற்காது, எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு உண்டு, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லும் என்பதையெல்லாம் கயலுக்குச் சொல்லிக்கொடுத்தார். சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெறும் சேலையில் அவரைப் பார்க்க யாரோ போல் இருந்தது. பிள்ளைகள் கேட் வரைக்கும் அழுதுகொண்டே போனார்கள். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்றேன். என் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தை அன்றோடு முழுதாக அனுபவிக்க முடியாமல் போயிற்று.

அதன்பிறகு அவரைப் பார்த்தது போன மாதம்தான். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருமயம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கோட்டைப் பக்கமிருந்து நடந்து வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். அந்தப் பள்ளியில் கிரவுண்டே கிடையாதாம். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கிடக்கிற சிமென்ட் தரையில் பிள்ளைகளை உட்கார வைத்து, சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையாம். பெர்மனென்ட் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

“கயல் எப்படி இருக்கா?” என்றார். “எத்தனை புள்ளைகளைச் சேத்து விட்டிருக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. கயல் நன்றாக வேலை செய்கிறாள், பிள்ளைகள் மாவட்ட அளவில் ஜெயிக்கிறார்கள் என்றெல்லாம் முதலில் சொன்னேன். பிறகு மீதியையும் சொன்னேன். கேட்டில் யாரையும் அவள் நிறுத்துவதில்லை. பி.பி.எட். படி என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒருத்தி, நன்றாக ஓடுகிறவள், தானாகவே வந்து, “ஒங்களை மாதிரி பி.டி. டீச்சர் ஆகணும் மிஸ்” என்றபோது, “வேற ஏதாச்சும் படிம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம், “டீச்சரை எந்திரிக்க வச்சிட்டு அந்த எடத்துல ஒக்காந்தவ நான். இன்னொரு புள்ளையை இதுக்குள்ள கூப்புட எனக்கு வாய் வர மாட்டேங்குதும்மா” என்று அழுதாள். அதையும் அவரிடம் சொன்னேன். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும், தன்னை நினைத்து ஒருத்தி அழுகிறாள் என்று தெரியட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. கவுன்சலிங் அன்றைக்குக்கூட அப்படி ஆகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது.

“அப்ப நான் எதுக்கு டீச்சர் எந்திரிச்சுப் போனேன்?”

புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. உட்கார இடமில்லை. அவர் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டேன்.